றெயிலும் ரியூப் பட்டியும்

2003 ஆம் ஆண்டு குளிர்காலம். ஸ்காபறோவில் ஒரு சின்ன மெசின் ஷொப்பில் எனக்கு இரவு வேலை. கனடாவுக்கு வந்து ஐந்து வருசம். அதுவரைக்கும் கோப்பை கழுவி, பேப்பர் போட்டு, பிறகு ஒருமாதிரி சிஎன்சி மெசின் ஓட்டப் பழகியிருந்தேன்.

அந்த மாதம் புதுசாய் ஒரு ஓடர் வந்தது. ஒரு சாண் நீள அலுமினியக் கட்டை. அதன் மேற்பக்கத்தில் குறுக்காகப் பல்லுப் பல்லாய் வெட்டவேண்டும். பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீற்றர். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்த பள்ளத்தின் நடுவுக்கு 10.01. ஆழம் 3. வரைபடத்தில் 'பிராக்கெற்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. கமெரா ஸ்ராண்டுக்கு ஏதோ பூட்டுவதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வெட்டினேன். அந்த அளவுகள் இன்றைக்கும் மனப்பாடம். (கலியாண நாள் மறந்து பேச்சு வாங்கினதுண்டு, இது மறக்கவில்லை.)

எங்களோடு வேலை செய்த ஒரு வயசான வெள்ளைக்கார மெசினிஸ்ட் ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். மனுசன் முந்திக் கனேடிய இராணுவத்தில் இருந்து, 90களின் தொடக்கத்தில் குரோசியாவில் சமாதானப் படையோடு நின்றவர். "உனக்கு இது என்னவென்று உண்மையாகவே தெரியாதா?" என்று கேட்டார். பிறகு ஒரு கடதாசியில் துவக்கொன்று கீறி, அதன் முதுகில் இந்தப் பல்லை வைத்துக் காட்டினார்.

எனக்குக் கொஞ்ச நேரம் கதை வரவில்லை. துவக்குகளிடமிருந்து தப்பி வந்தவன் நான். சென்றியில் நின்ற ஆமிக்காரனின் ரி-56 இல் இரண்டு மகசீனைத் தலைகீழாய் வைத்து ரேப் சுற்றியிருந்ததை, ஐடென்ரிற்றி காட்டை நீட்டிக்கொண்டு, கண்ணுக்கு நேரே பார்த்து வளர்ந்தவன். அந்த ரேப்பின் நுனி பிரிந்து தொங்கினதுகூட ஞாபகம் இருக்கிறது. இப்போது மணிக்குப் பதினொரு டொலருக்கு நானே துவக்குக்குப் பல்லு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். "நீங்கள் வெட்டாட்டி வேற ஆள் வெட்டும். வாடகை யார் கட்டுறது?" என்றா மனுசி. அம்மா அப்பாவை ஸ்பொன்சர் பண்ணுவதற்கு வருமானம் காட்டவேண்டிய காலம் அது. விடவில்லை, வெட்டினேன். ஆனால் அன்றிலிருந்து அந்தத் துண்டு எங்கேயிருந்து வந்தது, எங்கே போகிறது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். நூலகத்தில் தொடங்கினது, இன்னும் முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு துவக்கின் மேலே தொலைநோக்கியைப் பூட்டுவது சின்ன வேலை மாதிரித் தெரியும். பூட்டுவது சின்ன வேலைதான். அது அங்கேயே நிற்கவேண்டும், அதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு பின்னுக்கு உதைக்கும். மேலே இருக்கும் பாரமோ தன் பாட்டில் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இந்த இழுபறி முழுவதும் இரண்டு ஸ்குறூவின் தலையில் விழும்.

அமெரிக்காவில் வில்லியம் வீவர் என்பவர் 1930 இல் சாதாரண வேட்டைக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தொலைநோக்கி செய்து விற்கத் தொடங்கினார். பிறகு ரெக்ஸாசின் எல் பாசோவில் தொழிற்சாலை போட்டார். அவருடைய பெயரில் வழங்கும் அடித்தட்டில்தான் குறுக்குப் பள்ளம் பரவலாக வந்தது. பூட்டும் ஸ்குறூ அந்தப் பள்ளத்துக்குள் படுத்துக்கொள்ளும். உதையைப் பள்ளத்தின் சுவர் தாங்கும். நல்ல யோசனை. ஆனால் வீவரின் பள்ளம் 4.57 மில்லிமீற்றர் அகலம், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் தூரம் இவ்வளவுதான் என்று கட்டாயம் இல்லை. ஒரு கொம்பனியின் சாமான் மற்றதில் ஏறாது. வேட்டைக்காரருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. இராணுவத்துக்குப் பிரச்சினை.

அந்தப் பிரச்சினையை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை சொன் ரே. வடவியட்நாமில், ஹனோய்க்கு மேற்கே, அமெரிக்கப் போர்க்கைதிகளை வைத்திருந்த முகாம். 1970 நவம்பர் 21 இரவு ஆதர் சைமன்ஸ் என்ற கேணலின் தலைமையில் 56 பேர் ஹெலியில் போய் இறங்கினார்கள். அதற்கு முன் புளோரிடாவில் மாதக்கணக்காய்ப் பயிற்சி. இரவுச் சூடு சரியாய்ப் படவில்லை. உலகத்தின் பெரிய இராணுவத்தின் களஞ்சியத்தில் அதற்குத் தோதான சாமான் இல்லை. கடைசியில் வேட்டைக்காரருக்கு விளம்பரம் போட்டு விற்ற சிங்கிள்பொயின்ற் என்ற குறிகாட்டியைத் தபாலில் ஓடர் பண்ணி எடுத்தார்கள். ஒன்று ஐம்பது டொலருக்குள். முன்பக்கம் மூடியிருக்கும். ஒரு கண்ணுக்குச் செம்புள்ளி தெரியும், மற்றக் கண்ணுக்கு இலக்குத் தெரியும், மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். சூடு உடனே திருந்தியது. ஆனால் பூட்டு ஆடியது. என்ன செய்தார்கள்? வயறிங் வேலைக்குப் பாவிக்கிற ரேப்பைச் சுற்றி இறுக்கிக் கொண்டு போனார்கள்.

போன இடத்தில் முகாம் வெறுமை. கைதிகளை மாதங்களுக்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். செய்மதிப் படம், வேவு விமானம் எல்லாம் பிழைத்தது. பிழைக்காமல் நின்றவற்றில் ஒன்று அந்த ரேப்.

ரேப்பைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு தாயைப் பற்றியும் சொல்லவேண்டும். வெஸ்ரா ஸ்ரவுட். இலினோயில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் துவக்குக் கிரனேட்டுக்கான தோட்டாக்களைப் பெட்டியில் அடைக்கும் வேலை. பெட்டியைக் கடதாசி ரேப்பால் ஒட்டி, மேலே மெழுகில் தோய்ப்பார்கள். இழுத்துத் திறக்க விட்ட நுனி இழுத்ததும் அறுந்துவிடும். சண்டைக்குள் நிற்கிறவன் பெட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கவேண்டும். தண்ணீர் புகாத துணி ரேப்பால் ஒட்டலாம் என்று மேற்பார்வையாளர்களிடம் சொன்னா, காரியம் நடக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைக் கடற்படைக்கு விட்டிருந்த மனுசி பொறுக்கவில்லை. 1943 பெப்ரவரி 10 ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றுக்கே, படமும் கீறி, கடிதம் போட்டா. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கொம்பனி செய்து கொடுத்தது. இன்றைக்கு நாங்கள் டக்ட் ரேப் என்று சொல்வதன் தொடக்கம் அது. பெட்டிக்கென்று வந்த ரேப் சும்மா கிடக்குமா? சப்பாத்துக்கு, ஜீப்புக்கு, துவக்குக்கு என்று எல்லாவற்றிலும் ஏறியது. அமெரிக்க ஆமியில் அதற்கு 'நூறு மைல் ரேப்' என்று பட்டப்பெயர், மணிக்கு நூறு மைல் காற்றிலும் கழராதாம். பிரித்தானிய ஆமிக்காரரின் கறுப்பு ரேப்புக்கும் ஒரு பெயர் உண்டு. 'கறுப்பு அசிங்கம்' என்று தமிழில் சொல்லலாம். கழற்றினபின் ஒட்டியிருக்கும் பசையைப் பார்த்தவனுக்குப் பெயரின் காரணம் விளங்கும்.

80களிலும் 90களின் முற்பகுதியிலும் எடுத்த விசேட படைகளின் படங்களைப் பாருங்கள். துவக்கின் முன்பிடியில் ரோச் லைற் இருக்கும். அதைப் பிடித்திருப்பது காரின் றேடியேற்றர் குழாயை இறுக்கிற ஹோஸ் கிளாம்ப். அதற்கு மேலே ரேப். அதற்கு மேலே பச்சைப் பெயின்ற்.

இதெல்லாவற்றுக்கும் முடிவு கட்ட வந்ததுதான் நான் வெட்டின பல்லு. நியூ ஜேர்சியில் பிக்கற்றினி என்ற பழைய ஆயுதசாலை இருக்கிறது, 1880 இல் வெடிமருந்துக் களஞ்சியமாய்த் தொடங்கினது. அங்கே இருந்த கரி ஹவுட்ஸ்மா என்ற பொறியியலாளர் 1992 அளவில் வீவரின் தட்டை எடுத்து ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். ஏ.ஆர்.எம்.எஸ். என்ற கொம்பனி நடத்திய ரிச்சர்ட் சுவான் தானும் அதற்கு முன்பிருந்தே இதைச் செய்தவன் என்று உரிமை சொன்னார். யார் தகப்பன் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. 1995 பெப்ரவரி 3 ஆம் திகதி அது அமெரிக்க இராணுவத்தின் 1913 ஆம் இலக்க நியமம் ஆனது. (1913 என்பது ஆண்டு இல்லை, வரிசை இலக்கம். நானும் முதலில் ஏமாந்தேன்.) அந்தப் பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் போர்நிறுத்தம். சண்டை இல்லாத ஒரு மாதத்தில் நாங்கள் ரியூசனுக்குச் சைக்கிள் உழக்கிக்கொண்டு திரிந்தோம். ஏப்ரல் 19 உடன் அதுவும் முடிந்தது.

நியமம் என்ன செய்தது? பள்ளத்தின் அகலமும் இடைவெளியும் எங்கே செய்தாலும் ஒன்று. வீவர் சாமான் பெரும்பாலும் இதில் ஏறும், இதற்கென்று செய்தது வீவரில் ஏறாது, பள்ளம் ஒடுக்கம். சில தட்டுகளில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இலக்கம் குத்தியிருக்கும். கழற்றினதைத் திரும்ப அதே இலக்கத்தில் வைக்கலாம். பிறகு நைற்ஸ் ஆமமன்ற் என்ற கொம்பனி முன்பிடியின் நாலு பக்கமும் இந்தப் பல்லை வைத்துச் செய்தது. எம்4 துவக்கு ஒரு மரம் மாதிரி ஆனது, எங்கேயும் கிளை விடலாம். செம்புள்ளிக் குறிகாட்டி, லேசர், ரோச், கைபிடி என்று எல்லாம் ஏறியது.

சரி, ரேப் ஒழிந்ததா? அதுதான் கதையின் ருசியான பகுதி. ஒழியவில்லை.

கிழவர் எனக்கு இதை ஒரு இரவு முழுக்க விளங்கப்படுத்தினார். 1969 இல் கெர்ஹாட் யுங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர் ஒரு விசயத்தைச் சோதித்து எழுதினார். ஒரு போல்ட்டை அதன் நீளப்பாட்டில் இழுத்து இழுத்து ஆட்டுவதைவிட, குறுக்குப்பாட்டில் ஆட்டினால்தான் அது கெதியாய்த் தானாய்ச் சுழன்று கழரும். மெசின் ஷொப்பில் நிற்கிறவனுக்கு வேதம் மாதிரி இது. இப்போது துவக்கைப் பாருங்கள். உதை குழலின் நீளப்பாட்டில். றெயிலில் சாமானைப் பூட்டும் போல்ட்டோ குறுக்கே. ஒவ்வொரு வெடியும் யுங்கரின் சோதனைதான். எவ்வளவு நல்லாய்ப் பல்லு வெட்டினாலும் அந்தப் போல்ட் கழரப் பார்க்கும்.

ஆகவே கைமருந்துகள் வந்தன. முதலாவது, ஒரு சதமும் செலவில்லாதது. பள்ளம் போல்ட்டைவிடக் கொஞ்சம் அகலம், சாமானை வைத்தால் ஒரு மயிரிழை முன்னுக்குப் பின்னுக்கு ஆடும். அதை முதலில் வாய்ப்பக்கமாய்த் தள்ளி, போல்ட் பள்ளத்தின் முன்சுவரில் முட்டினபிறகுதான் இறுக்கவேண்டும். உதைக்கும்போது துவக்கு பின்னுக்கு வரும், சாமான் முன்னுக்கு நிற்கப் பார்க்கும், ஏற்கெனவே முட்டி நிற்பதால் அசைய இடமில்லை. சும்மா வைத்து இறுக்கினவனுக்கு முதல் சில வெடியில் அது தானே போய் முட்டும், அவன் சரிபார்த்த குறியும் அதோடு போய்விடும். கிழவர் இதைச் சொன்னபோது, வைஸில் துண்டைப் பிடிக்கும்போது ஒரு பக்கம் முட்டவைத்துத்தான் இறுக்கவேண்டும் என்று எனக்கு முதல்நாள் படிப்பித்தது ஞாபகம் வந்தது. அதே விசயம்தான்.

இரண்டாவது பசை. கனெக்டிகட்டில் ட்ரினிற்றி கல்லூரி இரசாயனப் பேராசிரியர் வேர்னன் கிறீபிள் 1953 இல் கண்டுபிடித்த லொக்ரைற். காற்றுப் படும்வரை திரவம், இரும்புப் புரிக்குள் காற்றில்லாமல் அடைபட்டால் இறுகிவிடும். நீலம் சாவியால் கழற்றலாம், சிவப்பைச் சூடு காட்டாமல் கழற்றுவது கஷ்டம். நீலம் போதுமான இடத்தில் சிவப்பை ஊற்றிவிட்டு ஸ்குறூத் தலையைச் சிதைத்தவர்கள் ஏராளம், எங்கள் ஷொப்பிலும் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது. எண்ணெய் துடைக்காத புரியில் லொக்ரைற் பிடிக்காது. நிறமேற்றிக் கடினப்படுத்திய அலுமினியத்தில் பிடித்தாலும் மெதுவாய்த்தான் பிடிக்கும். போட்ட உடனே ஓடிப்போய்ச் சுட்டுவிட்டு லொக்ரைற்றைத் திட்டக்கூடாது.

மூன்றாவது, ஒரு கோடு. இறுக்கி முடித்தபின் நட்டின் தலையிலிருந்து தட்டுவரை பெயின்ற் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் நட் அசைந்திருக்கிறது. விமானத்தில், பஸ் சில்லில், பாலத்தில் எல்லாம் இருக்கிற பழக்கம். இருட்டில் விரலால் தடவி அறியமுடியாது என்பது மட்டும்தான் குறை.

நாலாவது நைலோன் கயிறு. இது சாமானை இறுக்கிப் பிடிக்கிறதுக்கில்லை, கழன்றால் துலையாமல் இருக்கிறதுக்கு. லேசரையும் இரவுப் பார்வைக் கருவியையும் பரசூட் கயிற்றால் துவக்கோடு முடிந்துவிடுவார்கள். அமெரிக்க இராணுவத்தில் அப்படி ஒன்று துலைந்தால் முழுப் பிரிவையும் வெளியே விடாமல் மறித்து வைத்துத் தேடவிடுவார்கள். எதிரிக்குப் பயந்து கட்டினதைவிடச் சார்ஜனுக்குப் பயந்து கட்டினதுதான் கூட என்றார் கிழவர்.

ஐந்தாவதைச் சொன்னபோதுதான் நான் நிமிர்ந்து இருந்தேன். லேசரின் சுவிச்சுக்கு ஒரு வயர் வரும், அது கொப்பில் மாட்டி இழுபடும். பல்லின் கூர் கையைக் கிழிக்கும், வெடித்துச் சூடேறினால் சுடும். ஈராக்கில் அமெரிக்க மரீன்கள் கொண்டுபோன ட்ரிஜிகன் தொலைநோக்கியின் முதுகில் ஒளியிழை ஒன்று, வெயிலில் அம்புக்குறி கண்ணைக் கூசும், அதைப் பாதி மூடவேண்டும். இது எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. பழைய சைக்கிள் ரியூப்பை வளையம் வளையமாய் வெட்டிப் போடுவது. 'றேஞ்சர் பாண்ட்' என்று அதற்கு அங்கே பெயராம். கிழவர் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கறுத்து, மினுக்கம் போன, ஒரு விரல் அகல வளையம்.

எனக்கு அதை யாரும் காட்டத் தேவையில்லை. கொக்குவிலில் என்ர சித்தப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஒட்டுப்போட இடமில்லாத ரியூப்பை அவர் எறிந்ததில்லை. குறுக்காய் வெட்டினால் வளையம், நீளமாய் வெட்டினால் பட்டி. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். அந்த ஐந்து வருசமும் யாழ்ப்பாணத்தைக் கட்டி வைத்திருந்தது ரியூப் பட்டிதான் என்றால் மிகையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வெளிக்கிட்டபோது அம்மாவின் சிங்கர் மெசின் தலையை என்ர சைக்கிள் கரியரில் சித்தப்பாதான் கட்டிவிட்டார். "இழுத்துக் கட்டாதை, இழுத்துப் பிடிச்சுக்கொண்டு சுத்து. நுனியைக் கடைசிச் சுத்துக்குக் கீழை செருகு. முடிச்சுப் போட்டா அவிழ்க்கேலாது" என்று சொல்லிச் சொல்லிக் கட்டினார். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நகராமல் நின்றது. சாவகச்சேரி போய்ச் சேரும்வரை அந்த மெசின் ஒரு நூலளவு அசையவில்லை.

அதே வித்தையைக் கிழவருக்குச் செய்து காட்டினேன். ஒரு துண்டு றெயிலில் பென் ரோச்சை வைத்து, இழுத்துப் பிடித்துச் சுற்றி, நுனியைச் செருகினேன். அவர் ஆட்டிப் பார்த்தார், வைஸில் வைத்துத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. எங்கே படித்தாய் என்று கேட்டார். சைக்கிள் கடையில் என்றேன். மற்றதை அவருக்கு விளங்கப்படுத்த என்னிடம் அப்போது இங்கிலிஸ் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். 2009 இல் நேட்டோ இந்த நியமத்தைத் திருத்தியது. பல்லின் சரிந்த பக்கத்தைப் பிடிக்காமல் மேல்தட்டில் படியவைத்து இறுக்கினால், கழற்றிப் பூட்டும்போது குறி குறைவாய்த்தான் மாறுகிறது என்று கண்டார்கள். அந்த வேலையில் எங்கள் ஒன்ராறியோவின் கிச்சினரில் இருக்கும் கொல்ட் கனடாவும் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு பல்லே பாரம், எல்லா இடமும் தேவையில்லை என்ற ஞானம் பிறந்தது. 2014 இல் மக்பூல் கொம்பனி எம்-லொக் என்று வெறும் துவாரங்களைக் கொண்டுவந்தது. தேவையான இடத்தில் மட்டும் பூட்டு. 2017 இல் அமெரிக்க விசேட படைகளும் சோதித்து அதையே எடுத்தன.

அந்த மக்பூலின் பிறப்பும் ஒரு கைமருந்துதான். ஆமிக்காரர் மகசீனைப் பையிலிருந்து கெதியாய் இழுக்க அதன் அடியில் கயிற்றையும் ரேப்பையும் வைத்து ஒரு காது கட்டிக்கொள்வார்கள். முன்னாள் மரீனான றிச்சர்ட் பிற்ஸ்பற்றிக் 1999 இல் கொலராடோவில் அதையே றப்பரில் வார்த்து விற்கத் தொடங்கினார். கொம்பனியின் பெயரே 'மகசீனை இழு' என்பதன் சுருக்கம். ரேப்பில் தொடங்கினவன் கோடீஸ்வரன் ஆனான். வெஸ்ரா ஸ்ரவுட்டுக்குக் கிடைத்தது ஜனாதிபதியின் நன்றிக் கடிதம்.

எங்கள் ஷொப்பின் ஓடர் 2004 கடைசியில் முடிந்தது. மொத்தம் எத்தனை வெட்டினேன் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம், மெசினில் கணக்கு இருந்தது, பார்க்க மனம் வரவில்லை. ஒரு பெட்டி அளவு தப்பிக் கழிவுக்குப் போனது என்ர பிழை. தேய்ந்த கட்டரை மாற்றாமல் ஓட்டிவிட்டேன். போர்மன் கத்தின கத்தலில் எனக்கு வந்தது வெட்கம். தொழிலில் பிழை விட்ட வெட்கம். அந்தப் பெட்டி ஒருவனிடமும் போய்ச் சேராது என்று எனக்கு ஒரு நிம்மதியாவது வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதைத்தான் அன்றிரவு பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன், இப்போதும் சிலவேளை யோசிப்பேன்.

இதை எழுதுவதற்கு முன் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், கடையை மகன் பார்க்கிறான். அமெரிக்க ஆமிக்காரரும் ரியூப் பட்டிதான் கட்டுகிறார்கள், தெரியுமோ என்று கேட்டேன். இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவங்களுக்கு நல்ல ரியூப் கிடைக்குதாக்கும். இஞ்சை இப்ப வாறதெல்லாம் இழுத்தா அறுகுது. அங்கை பழசு கிடந்தா நாலைஞ்சு போட்டு அனுப்படா."